ஜிப்சியின் ஆக்சிலையும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையும் வீட்டிலேயே பிரித்துப் புதுப்பிக்கும் முறை

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் மாந்தோப்புக்கும் மலைக்கிராமத்துக்கும் ஓடும் ஃபோர் வீல் வண்டிகளின் ஆக்சிலைத் திறந்து பார்த்தால், பாரம் ஏற்றித் தேய்ந்த பாகங்களைவிட, சீல் கிழிந்து செம்மண்ணும் தண்ணீரும் உள்ளே புகுந்ததால் அரித்துப்போன பாகங்களே கண்ணில் படும். ஆகவே ஆக்சிலைப் புதுப்பிப்பவர் பேரிங்கை மாற்றுவதோடு நின்றுவிடக் கூடாது. தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது என்று கண்டுபிடித்து அந்த வழியை அடைக்காவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேரிங்கும் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டாது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கருத்தை ஒட்டியே எழுதப்பட்டுள்ளது.

மாருதி ஜிப்சியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1985 டிசம்பரில் அறிமுகமான இந்த வண்டியின் முன்னும் பின்னும், இரு சக்கரங்களையும் இணைக்கும் முழு ஆக்சிலும் பட்டைச் சுருளும் (லீஃப் ஸ்பிரிங்) இருக்கின்றன. எல்லாமே கைக்கருவிகளுக்கு அடங்கும். இன்ஜினின் விசையை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர் பாக்ஸோடு ஒட்டாமல் சேஸியில் தனியாகத் தொங்குவதால், கியர் பாக்ஸிலிருந்து அதற்கு ஒரு குட்டை ஷாஃப்டும், அதிலிருந்து முன்னும் பின்னும் செல்லும் இரண்டு ஷாஃப்டுகளுமாக மொத்தம் மூன்று ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுகள் இதில் உண்டு. பாகம் வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 1993-இல் இந்த வண்டியின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 90 மி.மீ. கூட்டப்பட்டது. அதற்கு முந்தைய வண்டியின் ஆக்சில் ஷாஃப்டும் பிந்தைய வண்டியின் ஆக்சில் ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. பெங்களூரு ஜே.சி. ரோடு வரை போய்த் தவறான ஷாஃப்டோடு ஓசூர் திரும்புவதைத் தவிர்க்க, பழைய ஷாஃப்டைக் கையோடு எடுத்துச் செல்வதே நல்லது.

சத்தத்தை வைத்துக் கோளாறை அறிதல்

பிரிப்பதற்கு முன்பே எந்த இடத்தில் கோளாறு என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். மெதுவாக நகரும்போது கீச் கீச் என்று கேட்டால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் முனையில் கோணத்தில் சுழல வழிவிடும் கூட்டல்குறி வடிவ மூட்டான கிராஸில் கிரீஸ் வற்றி ஊசி உருளைகள் துருப்பிடித்திருக்கின்றன என்று பொருள். கிளட்சை விடும்போதும் ஆக்சிலேட்டரை விடும்போதும் டக்கென்று ஒரு அடி விழுந்தால், கிராஸ் ஆட்டம் கண்டிருக்கலாம், அல்லது ஷாஃப்ட் நீண்டு சுருங்க இடம் தரும் பல் வரிசையான நழுவும் ஸ்ப்ளைன் தேய்ந்திருக்கலாம். ஜிப்சியில் இதற்கு மூன்றாவது காரணமும் உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் பிய்ந்துபோனாலும் இதே அடி விழும். மூன்று ஷாஃப்டுக்கும் கிராஸ் மாற்றிய பிறகும் சத்தம் போகவில்லை என்று புலம்புகிறவர்கள் பலரும் இந்த ரப்பரைப் பார்க்காதவர்களே.

முன் சக்கரம் திரும்பிய நிலையிலும் அதைச் சுழற்றும் மூட்டான சி.வி. ஜாயிண்டைச் சோதிக்க, வண்டியை இளகிய மண் தரைக்குக் கொண்டுசென்று, ஃபோர் வீலில் போட்டு, ஸ்டியரிங்கை முழுவதும் ஒரு பக்கம் ஒடித்து, மெதுவாக வட்டமடிக்க வேண்டும். கட கட என்று சீராக அடித்தால், சத்தம் வரும் பக்கத்து ஜாயிண்ட் போய்விட்டது. தார் ரோட்டில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. முன், பின் ஆக்சில்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிவிடும் நடு டிஃபரன்ஷியல் இந்த வண்டியில் இல்லாததால், டயர் வழுக்க இடமில்லாத தரையில் திரும்பும்போது முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கி, நல்ல ஜாயிண்டும் சத்தம் போடும்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் கிடுகிடுவென்று நடுங்கினால் முதலில் டயரின் பேலன்ஸையும், பிறகு, முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங்கையும் சந்தேகிக்கலாம். முன் சக்கரத்தின் உட்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் கஞ்சிபோல ஒரு கசிவு தென்பட்டால் காத்திருக்கவே வேண்டாம். டிஃபரன்ஷியல் எண்ணெய் உள் சீலைத் தாண்டி, முன் சக்கரத்தோடு திரும்பும் உறையான நக்கிளுக்குள் வந்து, அங்கிருந்த கிரீஸைக் கரைத்து, வெளி சீல் வழியாக ஒழுகுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

இடமும் பாதுகாப்பும்

ஆடிக் காற்று வீசும் நாட்களில் திறந்த வாசலில் பேரிங்கைப் பிரிக்க வேண்டாம். மூன்று பக்கமும் சுவர் இருக்கும் மாட்டுக்கொட்டகையானாலும், தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு அங்கே செய்வது மேல். கழற்றிய பாகங்களை வைக்க மூடியுள்ள டப்பாக்களும், துடைக்க நூல் பிரியாத பழைய பருத்தித் துணியும் தேவை. டார்க் ரெஞ்ச், சர்க்ளிப் பிளையர், பெரிய பெஞ்ச் வைஸ், பித்தளைக் கம்பி, கிரீஸ் கன், மீன்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு சுருள் தராசு ஆகியவையும் வேண்டும். தராசின் பயன் பின்னால் வரும். இறுக்க வேண்டிய அளவுகளுக்கு உங்கள் மாடலுக்குரிய பட்டறைக் கையேட்டை மட்டுமே நம்புங்கள்.

வண்டியைத் தூக்கும் விஷயத்தில் மனிதர்கள் காட்டும் அலட்சியம் என்னைக் கலங்க வைக்கிறது. நம் ஊரில் எங்கு பார்த்தாலும் கருங்கல் கிடைப்பதால், ஜாக்கியை எடுத்துவிட்டுக் கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை உட்கார வைத்து அடியில் படுக்கிறார்கள். கல் வழுக்கும், ஹாலோ பிளாக் நொறுங்கும். சமதளத்தில் நல்ல இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டைச் சேஸிக்கோ ஆக்சில் குழாய்க்கோ கொடுத்து, வண்டியைத் தோளால் தள்ளிப் பார்த்து, அது அசையாது என்று உறுதியான பிறகே அடியில் போக வேண்டும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுப்பதும் கட்டாயம். பின் சக்கரம் ஒன்றைத் தூக்கிய நிலையில் வண்டி கியரில் இருந்தாலும் டிஃபரன்ஷியல் அதை உருள விட்டுவிடும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கியருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அற்றுப்போகும். பழைய ஜீப்களில் கைப்பிரேக்கே டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க டிரம்மில் இருப்பதால், ஷாஃப்டைக் கழற்றியதும் அந்தப் பிடியும் போய்விடும்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்

முதலில் இதைச் செய்யுங்கள், ஏனெனில் கை பழகுவதற்கு இதுவே எளிய இடம். ஷாஃப்டைப் போல்ட்டுகளால் பிடிக்கும் தட்டான ஃபிளாஞ்சும் அதோடு சேரும் ஷாஃப்டின் முனையும் எந்த நிலையில் இருந்தனவோ அதே நிலையில் திரும்பப் பூட்ட வேண்டும் என்பதால், இரண்டின் மேலும் உளியால் சிறு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். நழுவும் ஸ்ப்ளைனின் இரு பாதிகளிலும் அதேபோல ஒரு கோடு வேண்டும். இந்தக் கோட்டை மறந்தால் வரும் விளைவு சிறியதன்று. கிராஸ் கோணத்தில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடி, இருமுறை குறையும். ஷாஃப்டின் மறுமுனையில் உள்ள கிராஸ் அதை எதிர்த்திசையில் சரிக்கட்டுவதால்தான் ஆக்சிலுக்குச் சீரான சுழற்சி போய்ச் சேருகிறது. அந்தச் சரிக்கட்டல் நடக்க, ஷாஃப்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடிக்கும் கவை போன்ற யோக்குகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஸ்ப்ளைனை ஒரு பல் மாற்றிப் பூட்டினால்கூட வண்டி அதிரும். உயரத்தைக் கூட்டுவதற்காகப் பட்டைச் சுருளின் முனையில் நீள ஷேக்கிள் (தொங்கு இணைப்பு) போட்ட வண்டிகள் அதிர்வதும் இதே காரணத்தால்தான். ஆக்சில் சாய்ந்து இரு முனைக் கோணங்களும் வேறுபட்டுவிடுகின்றன.

ஷாஃப்டைக் கழற்றியதும் கிராஸின் நான்கு கால்களிலும் தொப்பிபோல் உள்ள பேரிங் கப்புகளைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் வளையங்கள் நான்கையும் எடுக்க வேண்டும். துரு பிடித்திருந்தால் முந்தைய இரவே ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து வையுங்கள். பின்னர் வைஸின் ஒரு தாடையில் கப் உள்ளே போகும் அளவுக்குப் பெரிய சாக்கெட்டையும், மறு தாடையில் கப்பைவிடச் சிறிய சாக்கெட்டையும் வைத்து இறுக்கினால், சிறிய சாக்கெட் தள்ள, எதிர்ப்பக்கத்துக் கப் பெரிய சாக்கெட்டுக்குள் வந்துவிடும். மெல்லிய குழாயை வைஸில் நேராகப் பிடிக்காதீர்கள், அது நசுங்கினால் ஷாஃப்டே வீண். அதில் ஒட்டியிருக்கும் சிறு இரும்புத் துண்டுகள் பேலன்ஸுக்காக வைத்தவை என்பதால் அவற்றைத் தட்டி எடுக்கவும் கூடாது.

புதிய கிராஸைப் பூட்டும் வேலையில் பொறுமை மிக முக்கியம். ஒவ்வொரு கப்பின் உட்சுவரிலும் ஊசி உருளைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைக் கிரீஸ்தான் பிடித்து வைத்திருக்கிறது. கப்பை யோக்கின் காதுக்குள் சிறிதளவு தள்ளியதும், கிராஸின் காலை அந்தக் கப்புக்குள் நுழைத்து வைத்தபடியே மீதியைத் தள்ள வேண்டும். இடையில் ஓர் ஊசி சாய்ந்து கப்பின் அடியில் விழுந்துவிட்டால், சர்க்ளிப் உட்காரும் பள்ளம் பாதி மட்டுமே தெரியும். அந்த நேரத்தில் சுத்தியலை எடுப்பவர் கப்பை உடைப்பார். கப்பை வெளியே எடுத்து, சாய்ந்த ஊசியை நிமிர்த்தி, மீண்டும் தள்ளுவதே வழி. நான்கு சர்க்ளிப்பும் பள்ளத்தில் முழுமையாக உட்கார்ந்த பிறகு, யோக்கின் காதுகளில் பித்தளையால் மெல்ல ஒரு தட்டுத் தட்டினால் கப்புகள் சர்க்ளிப்போடு ஒட்டிக்கொண்டு, இறுகியிருந்த கிராஸ் இளகிவிடும். எல்லாத் திசையிலும் அது வழவழப்பாகத் திரும்ப வேண்டும், ஆனால் கையால் ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது.

கிரீஸ் நிப்பிள் கன்னுக்கு எட்டும் பக்கம் பார்த்திருக்கிறதா என்பதைக் கப் போடுவதற்கு முன்பே உறுதிசெய்துகொண்டு, வண்டியில் மாட்டிய பின் நான்கு சீல்களிலும் புதிய கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். ஸ்ப்ளைனுக்கு மட்டும் அளவாக அடியுங்கள். அங்கே கிரீஸ் நிறைந்துவிட்டால், சுருள் அழுந்தும்போது ஷாஃப்ட் சுருங்க இடமின்றி டிரான்ஸ்ஃபர் கேஸின் பேரிங்கை முட்டித் தள்ளும்.

முன் ஆக்சில்

இதுவே இந்த வேலையின் மையம். டிஃபரன்ஷியல் எண்ணெயை முதலில் வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஷாஃப்டை உருவும்போது அது பிரேக் முழுவதும் ஊற்றும். வடியும் எண்ணெயைப் பாருங்கள். பால் கலந்த தேநீர்போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வடிகால் திருகில் மாவுபோன்ற நுண்துகள் ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். தகடுகளாகவோ பல்லின் துண்டாகவோ வந்தால், மேற்கொண்டு வீட்டில் செய்ய எதுவும் இல்லை. டிஃபரன்ஷியலுக்குள் உள்ள கிரவுன், பினியன் பற்சக்கரங்களைப் பொருத்தும் அளவுகள் மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகள் என்பதால், அதற்குரிய கருவியும் அனுபவமும் உள்ள பட்டறைக்கு டிஃபரன்ஷியலை அப்படியே எடுத்துச் செல்லுங்கள்.

சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் கேலிப்பரைக் கம்பியால் சேஸியில் கட்டித் தொங்கவிட வேண்டும், அதன் எடையை ரப்பர் ஹோஸ் தாங்கக் கூடாது. சக்கரத்தை ஷாஃப்டிலிருந்து துண்டிக்க உதவும் ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் அதையும், ஷாஃப்ட் முனையில் உள்ள சர்க்ளிப்பையும் எடுத்து, லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, நட்டைக் கழற்றினால் ஹப் டிஸ்கோடு வெளியே வரும். அதற்குப் பின்னுள்ள ஸ்பிண்டிலின் போல்ட்டுகளை எடுத்துவிட்டு ரப்பர் சுத்தியலால் சுற்றித் தட்டினால் அதுவும் வரும். இனி ஆக்சில் ஷாஃப்டைச் சி.வி. ஜாயிண்டோடு சேர்த்துக் கையால் உருவலாம். உருவும்போது ஷாஃப்டைத் தூக்கிப் பிடித்தபடியே இழுங்கள்.

இரு நக்கிள்களையும் இணைக்கும் டை ராடின் முனையைப் பிரித்து, நக்கிளின் உட்பக்கத்திலுள்ள சீல் தகடுகளை எடுத்த பிறகு, மேல் கிங்பின்னையும் கீழ் கிங்பின்னையும் கழற்ற வேண்டும். அவற்றுக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். எந்தப் பின்னுக்கு எத்தனை ஷிம், எந்தப் பக்கம், மேலா கீழா என்று எழுதி அந்தந்த டப்பாவிலேயே போட்டுவிடுங்கள். கீழ்ப் பேரிங் விழுந்துவிடும் என்பதால், கடைசிப் பின்னை எடுக்கும்போது ஒரு கையை அடியில் வைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் டீசலில் கழுவி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கிங்பின் பேரிங்கின் வெளி வளையத்தில் விரல் நகத்தை ஓட்டினால், சீரான இடைவெளியில் உருளையின் தடங்கள் வரிசையாகத் தட்டுப்படுவது உண்டு. வண்டி நேராக ஓடும் நேரமே அதிகம் என்பதால், ஒரே இடத்தில் அடி வாங்கி வாங்கி ஏற்பட்ட குழிகள் அவை. ஸ்டியரிங் நடுவில் பிடித்துக்கொள்வதும் நடுங்குவதும் அவற்றால்தான். இந்த வளையத்தை விட்டுவிட்டு உருளைகளை மட்டும் மாற்றுவது வீண்செலவு. பித்தளைக் கம்பியால் வளையத்தைத் தட்டி எடுத்து இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

சி.வி. ஜாயிண்டின் மணி வடிவ வெளி உறைக்குள் ஆறு குண்டுகளும், அவற்றைப் பிடிக்கும் கூடும், நடுவே ஒரு வளையமும் இருக்கின்றன. பிரிக்கும் முன் மணி, கூடு, வளையம் மூன்றிலும் பெயின்டால் புள்ளி வைத்துக்கொண்டு, கூட்டை ஒரு பக்கம் நன்றாகச் சாய்த்தால் எதிர்ப்பக்கத்துக் குண்டு மேலே வந்து வெளியே எடுக்கும் நிலைக்கு வரும். ஒவ்வொரு குண்டையும் எடுக்கும் வரிசையிலேயே எண்ணிட்ட டப்பாவில் வையுங்கள். குண்டு ஓடும் தடம் கண்ணாடிபோல் பளபளத்தாலும் பரவாயில்லை. நகம் தட்டும் அளவுக்குக் குழி விழுந்திருந்தாலோ, கூட்டின் சன்னல் மூலையில் மயிரிழை விரிசல் இருந்தாலோ, முழு ஜாயிண்டையும் மாற்றுவதே சரி. மாலிப்டினம் கலந்த சி.வி. கிரீஸை மட்டும் இதற்குப் பயன்படுத்துங்கள். சக்கரப் பேரிங்குக்கு அதைப் போடாமல், சாதாரண லித்தியம் பேரிங் கிரீஸைப் போட வேண்டும்.

சீல்கள்தான் இந்த வேலையின் உயிர். ஆக்சில் குழாயின் உள்ளே இருக்கும் எண்ணெய் சீலைக் கொக்கியால் இழுத்து எடுத்துவிட்டு, அது உட்கார்ந்த வளையத்தைத் துணியால் துடைத்து, புதிய சீலைச் சரியான விட்டமுள்ள குழாய்த் துண்டால் கோணாமல் தட்ட வேண்டும். சீலின் உதட்டில் சுருள் கம்பி இருக்கும் பக்கம் டிஃபரன்ஷியலைப் பார்க்க வேண்டும். காய்ந்த உதடு முதல் சுற்றிலேயே சூடாகிக் கருகும் என்பதால் அதில் கிரீஸ் தடவிவிடுங்கள். நக்கிள் சுற்றித் திரும்பும் இரும்பு உருண்டையின் மேற்பரப்பில் துரு இருந்தால் நயமான எமரி தாளால் வழவழப்பாக்க வேண்டும், ஏனெனில் அந்தச் சொரசொரப்பு புதிய வெளி சீலை அறுத்துவிடும். ஆழமான குழிகளுக்கு லேத் பட்டறையில்தான் தீர்வு கிடைக்கும்.

கிங்பின்களைப் பழைய ஷிம்களோடு பூட்டியபின் தராசுக்கு வேலை வருகிறது. டை ராடும், வெளி சீலும், ஷாஃப்டும் இல்லாத நிலையில், டை ராட் மாட்டும் துளையில் தராசின் கொக்கியை மாட்டி, அந்தத் துளை உள்ள நக்கிளின் நீட்டுக் கைக்குச் செங்கோணமாக இழுத்து, நக்கிள் நகரத் தொடங்கும் எடையைப் படியுங்கள். கையேட்டு அளவைவிடக் குறைந்தால் ஒரு ஷிம்மை எடுக்க வேண்டும், கூடினால் சேர்க்க வேண்டும். அளந்து செய்பவர்களுக்கு ஸ்டியரிங் நடுக்கம் திரும்ப வருவதில்லை என்பதை உறுதியாகச் சொல்வேன்.

ஷாஃப்டை உள்ளே விடும்போது அதன் ஸ்ப்ளைன் புதிய சீலின் உதட்டைக் கீறாமல் இரு கைகளாலும் தாங்கிச் செலுத்துங்கள். நக்கிளுக்குள் கிரீஸ் தாராளமாக இருக்கலாம், ஆனால் சூட்டில் விரிய இடம் விட்டு நிரப்ப வேண்டும். சக்கரப் பேரிங்கில் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, உருளைகளுக்கிடையே மறுபக்கம் பிதுங்கும்வரை அழுத்திச் செலுத்தியபின், ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, தளர்த்தி, மீண்டும் ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, லாக் வாஷரை மடிக்க வேண்டும்.

பின் ஆக்சில்

டிரம்மைக் கழற்றி, பிரேக் தட்டின் நட்டுகளை எடுத்து, ஸ்லைடு ஹாமரால் இழுத்தால் ஷாஃப்ட் பேரிங்கோடு வந்துவிடும். பேரிங்கைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கிரைண்டரால் முக்கால் ஆழம் அறுத்து உளியால் பிளக்க வேண்டும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். கிரைண்டரின் பட்டை ஷாஃப்டைத் தொடவே கூடாது, அந்தக் கீறலிலிருந்துதான் பிற்பாடு ஷாஃப்ட் முறியும். புதிய பேரிங்கையும் புதிய வளையத்தையும் ஏற்ற ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும் என்பதால், இந்த ஒரு வேலைக்குக் கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ லேத் பட்டறையை நாடலாம். போகும்போது ஷாஃப்டில் ஏற வேண்டிய பாகங்களை ஏறும் வரிசையிலேயே கயிற்றில் கோத்துக் கொடுங்கள். பேரிங்கின் உள் வளையத்தில் மட்டுமே அழுத்த வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். எண்ணெய் ஊறிய பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடும் பழக்கம் ஆபத்தானது. தொப்பூர் கணவாய் போன்ற நீண்ட இறக்கத்தில் அது பிடிக்காது. மாற்றிவிடுங்கள்.

காற்றுத் துளை

இரண்டு ஆக்சில்களின் மேலும் ஒரு சிறிய காற்றுத் துளை மூடி இருக்கும். பல வண்டிகளில் அது சேற்றால் அடைபட்டிருக்கும். ஓடிச் சூடேறிய ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. துளை அடைபட்டிருந்தால் சீல்களின் உதட்டின் வழியே தண்ணீரை உறிஞ்சுகிறது, துளை நீருக்கடியில் இருந்தால் அதன் வழியாகவே உறிஞ்சுகிறது. எனவே மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் முனை பொருத்தி, எண்ணெய் தாங்கும் ஹோஸை இன்ஜின் அறையின் மேற்பகுதி வரை கொண்டுசென்று, சுருள் முழுவதும் தொங்கினாலும் ஹோஸ் இழுபடாத அளவுக்குத் தொய்வு விட்டுக் கட்டுங்கள். மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய இந்த வேலையைத்தான் பெரும்பாலோர் செய்யாமல் விடுகிறார்கள்.

இரண்டு டிஃபரன்ஷியல்களிலும் ஜி.எல்.-5 தரத்து 80 டபிள்யூ 90 கியர் எண்ணெயை, நிரப்பும் துளையின் விளிம்பில் ததும்பும்வரை ஊற்றுங்கள். வடித்துவிடும் திருகைக் கழற்றும் முன் நிரப்பும் திருகு கழல்கிறதா என்று முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். பழைய எண்ணெயைத் தோட்டத்து வாய்க்காலில் கொட்டாமல், கேனில் சேர்த்துப் பழைய எண்ணெய் வாங்குபவரிடம் கொடுங்கள். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒவ்வொரு ஹப்பையும் தொட்டுப் பார்த்து, மற்றவற்றைவிட ஒன்று அதிகமாகச் சுட்டால் அந்தப் பேரிங் நட்டைத் திறந்து மீண்டும் சரிசெய்யுங்கள். ஃபிளாஞ்ச் போல்ட்டுகளையும் கிங்பின் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் இன்னொரு முறை இறுக்கிவிட்டு, நக்கிளின் உட்பக்கத்தில் புதிய கசிவு இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள்.